கைக்குழந்தைக்கு கார் சீட்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகர்கிறது. அது எதிலாவது மோதி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களை நிறுத்த அவரவர் எடையைப் போல 28 மடங்கு விசை தேவைப்படும். 4 கிலோ எடையுள்ள பச்சைக்குழந்தையை அந்தக் கணத்தில் கையால் பிடித்து நிறுத்துவது 110 கிலோ மூட்டையைத் தாங்குவதற்குச் சமம். எந்த அம்மாவாலும் எந்த அப்பாவாலும் அது முடியாது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். மோதலில் பெரியவரின் மொத்த எடையும் குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

கார் சீட் செய்யும் வேலை இரண்டு. குழந்தையை காரின் உடலோடு இறுகக் கட்டி, காரோடு சேர்ந்தே வேகம் குறைய வைக்கிறது. மோதலின் விசையை முதுகு, தோள், இடுப்பு என்று உடலின் பலமான பகுதிகளில் பரப்புகிறது. இரண்டுமே நடக்க மூன்று பொருத்தம் வேண்டும்: குழந்தைக்கு சீட் பொருந்த வேண்டும், காருக்கு சீட் பொருந்த வேண்டும், ஒவ்வொரு பயணத்திலும் வார்கள் குழந்தையின் உடம்போடு பொருந்த வேண்டும். எவ்வளவு உயர்ந்த சீட்டாக இருந்தாலும் இதில் ஒன்று தப்பினால் பலன் பெருமளவு போய்விடும். சாதாரண சீட்டாக இருந்தாலும் மூன்றும் சரியாக இருந்தால் அது நன்றாகவே காப்பாற்றும்.

ஏன் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும்

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு அது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தில் தசைக்கு இன்னும் வலு வரவில்லை. கழுத்து முள்ளெலும்புகளின் துண்டுகளும் முழுதாக ஒன்றுசேராமல் குருத்தெலும்பால் இணைந்திருக்கின்றன. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உடலை வார்கள் பிடித்து நிறுத்திவிடும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது முன்னால் பாயும்போது கழுத்து மட்டுமே அதை இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தண்டுவடத்துக்குச் சேதம் வருவது இப்படித்தான்.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் நிலைமை வேறு. முன்மோதலில் குழந்தை சீட்டின் ஓட்டுக்குள் அழுந்துகிறது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே வரிசையில் சேர்ந்து விசையை வாங்கிக்கொள்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் 1960களில் இந்த வடிவத்தை முன்வைத்தார். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் புறப்பாட்டின் விசையை முதுகால் தாங்குவதைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. 1964இல் அதன் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது.

எத்தனை மாதம் வரை இப்படி? கார் சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதியின்படி 15 மாதம் முடியும் வரை பின்னோக்கி இருப்பது கட்டாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட்டின் உயர அல்லது எடை வரம்பை எட்டும் வரை பின்னோக்கியே வைக்கச் சொன்னது. எங்கள் பரிந்துரையும் அதுதான். ஒரு வயது ஆனதும் திருப்பிவிடும் அவசரம் வேண்டாம். "கால் மடங்கிக் கிடக்கிறதே" என்று பெற்றோர் கவலைப்படுவது உண்டு. குழந்தைகள் சம்மணமிட்டோ, காலைப் பின்சீட்டின் முதுகில் ஏற்றியோ வசதியாகவே உட்கார்ந்துகொள்வார்கள். கால் இடிக்கிறது என்பது திருப்புவதற்கான காரணம் ஆகாது.

எந்த வகை சீட்

பிறந்த நாள் முதல் பயன்படுத்தக் கூடியவை இரண்டு வகை. ஒன்று, கைப்பிடியோடு வரும் சிறிய சீட். இதைத் தனியாகக் கழற்றித் தூக்கிக்கொள்ளலாம்; பலவற்றுக்குக் காரிலேயே நிற்கும் அடித்தளம் ஒன்று உண்டு. இவை பெரும்பாலும் 13 கிலோ வரை தாங்கும். ஆனால் பல குழந்தைகளுக்கு எடை வரம்புக்கு முன்பே உயரம் மிஞ்சிவிடும். இரண்டாவது, காரிலேயே நிலையாக இருக்கும் பெரிய சீட். முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கலாம். 18 கிலோ, அதற்கு மேலும்கூட பின்னோக்கி வைக்கக் கூடிய மாடல்கள் இருக்கின்றன. தூங்கும் குழந்தையைச் சீட்டோடு தூக்கிப் போகும் வசதி சிறிய சீட்டில் கிடைக்கும். நீண்ட காலம் பின்னோக்கி உட்கார வைக்கும் வசதி பெரியதில் கிடைக்கும். இரண்டாவதை முதல் நாளிலிருந்தே எடுப்பதானால், மிகச் சிறிய குழந்தைக்கான உள்மெத்தை அதோடு வருகிறதா, வார்களின் மிகத் தாழ்ந்த நிலை பச்சைக்குழந்தையின் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

"பிறந்தது முதல் 12 வயது வரை" என்று விற்கப்படும் சீட்டுகளும் உண்டு. எல்லா வயதுக்கும் என்று செய்யப்படுவதால் பல மாடல்கள் பச்சைக்குழந்தைக்கு அகலமாகவோ செங்குத்தாகவோ இருக்கும். குழந்தையை உட்கார வைத்துப் பார்த்து, உண்மையிலேயே பொருந்தினால் மட்டும் எடுக்கலாம்.

பாதுகாப்புச் சோதனை தேறியதற்கான அடையாளத்தைத் தேடுங்கள். ஐ.நா. விதிகளின்படி தேறிய சீட்டில் ஆரஞ்சு நிற ஒட்டு இருக்கும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் தெரியும். அந்த எண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கிறது. ஆர்44 என்பது பழைய விதி. அது எடையை வைத்துப் பிரிக்கும். ஆர்129 புதியது, குழந்தையின் உயரத்தை வைத்துப் பிரிப்பதோடு, பக்கவாட்டு மோதல் சோதனையையும் கட்டாயமாக்குகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய முடிந்தால் ஆர்129ஐ எடுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான சீட்டில் எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற விதியைக் குறிப்பிட்டிருப்பார்கள். எந்த ஒப்புதலும் இல்லாமல், துணியும் இரண்டு பட்டைகளுமாக மலிவாக விற்பவற்றை சீட் என்றே கருத வேண்டாம். மோதலில் அவை பிய்ந்துவிடும்.

வாங்கும் முன் உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் சீட் தயாரிப்பாளர் தரும் கார் பட்டியலிலாவது தேடிப் பாருங்கள். பின்னோக்கிய சீட் நிறைய இடம் பிடிக்கும். முன்சீட்டில் உட்காருபவரின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டும் அளவுக்கு நெருக்கலாம். சில கார்களில் பெல்ட் நீளம் போதாமல் போகும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: பின்சீட்டின் கால்வைக்கும் தரைக்கு அடியில் சில கார்களில் சாமான் பெட்டி இருக்கும். அடித்தளத்திலிருந்து தரைக்கு இறங்கும் தாங்குகால் அந்தப் பெட்டியின் மூடி மேல் நின்றால் மோதலில் மூடி உடைந்து கால் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட காரில் தாங்குகால் உள்ள சீட்டைப் பொருத்தலாமா என்பதை காரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காரில் எந்த இடம்

பின்சீட்தான். நடு இடம் இரண்டு பக்கக் கதவுகளிலிருந்தும் தள்ளி இருப்பதால் பக்கவாட்டு மோதலில் நல்லது. ஆனால் பல கார்களில் நடுவில் ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை நேராக காரோடு பூட்டும் முறை) கொக்கிக் கம்பிகள் இல்லை, அல்லது அந்த இடம் மேடாக இருந்து சீட் ஆடும். நடுவில் ஆடும் சீட்டை விட ஓரத்தில் அசையாமல் நிற்கும் சீட் மேல்.

முன்சீட்டில், இயங்கும் ஏர்பேக்குக்கு எதிரே, பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் மணிக்கு 300 கி.மீ. அளவிலான வேகத்தில் விரிகிறது. பின்னோக்கிய சீட்டின் முதுகு டாஷ்போர்டுக்கு மிக அருகில் இருப்பதால், அந்த அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். சிறு மோதலில்கூட இது உயிரைப் பறிக்கும். பின்சீட்டே இல்லாத வண்டியாக இருந்தால் ஏர்பேக்கை அணைத்து, அணைந்ததற்கான விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

சீட்டை காரில் பொருத்துவது

முதலில் இரண்டு கையேடுகளையும் எடுத்து வையுங்கள்: சீட்டுடையது, காருடையது. பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் சீட்டின் சாய்வுக் குறி தவறாகக் காட்டும்.

ஐசோஃபிக்ஸ் உள்ள காரில், பின்சீட்டின் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் இரண்டு உலோகக் கம்பிகள் இருக்கும். அடித்தளத்தின் இரு கைகளையும் அவற்றில் செருகினால் இரு பக்கமும் தனித்தனியாக கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும். குறிகள் இரண்டும் பச்சையாக மாற வேண்டும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் கழற்றி மறுபடி செருகுங்கள். அடுத்து அடித்தளத்தை பின்சீட்டின் முதுகோடு நன்றாக அழுந்தும்வரை தள்ளுங்கள். தாங்குகால் இருந்தால் தரையைத் தொடும்வரை இறக்கி, அதன் குறியும் பச்சையாகிறதா என்று பாருங்கள். தாங்குகால் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்பதும், அளவுக்கு மீறி நீண்டு அடித்தளத்தையே தூக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

காரின் பெல்ட்டால் கட்டுவதாக இருந்தால் பெல்ட் போகும் வழிதான் முக்கியம். ஐ.நா. விதிப்படியான சீட்டுகளில் பின்னோக்கி வைக்கும்போது நீல நிறக் குறி வழியாகவும், முன்னோக்கி வைக்கும்போது சிவப்பு நிறக் குறி வழியாகவும் பெல்ட் போக வேண்டும். முறுக்கு இல்லாமல் நுழைத்து பக்கிளைப் பூட்டுங்கள். ஒரு கையால் சீட்டை பலமாகக் கீழே அழுத்திக்கொண்டே மறு கையால் பெல்ட்டின் தளர்வு முழுவதையும் இழுத்து எடுங்கள். சீட்டிலேயே பெல்ட் பூட்டு இருந்தால் அதைப் பூட்டுங்கள். காரின் பக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் ஓரத்தில் வளைந்து தங்கியிருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். மோதலில் அந்த வளைவில் பக்கிள் உடையவோ திறந்துகொள்ளவோ கூடும். அப்படி இருந்தால் அந்த இடமோ அந்த சீட்டோ உங்கள் காருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

கையேடு வெளிப்படையாகச் சொன்னாலொழிய ஐசோஃபிக்ஸையும் பெல்ட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். இரட்டைப் பாதுகாப்பு போலத் தோன்றும். அந்தச் சேர்க்கையில் அந்த சீட் சோதிக்கப்பட்டிருக்காது.

இப்போது சோதனை. பெல்ட் போகும் இடத்தில் அல்லது ஐசோஃபிக்ஸ் பிடிக்கும் இடத்தில் சீட்டைப் பிடித்து, கைகுலுக்கும் அளவு வலுவோடு இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பின்னோக்கிய சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் அது அசையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிடிமானம் இருக்கும் இடத்தில் ஆட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

சாய்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைக்குழந்தைக்கு சீட் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அதைவிட நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் விழுந்து தாடை மார்பில் படியும். குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. அந்த நிலையில் அது மடங்கி அடைபடும். அழுகையோ இருமலோ இல்லாமலே மூச்சு குறையலாம். அதிகமாகப் படுத்திருந்தால் இன்னொரு ஆபத்து: மோதலில் குழந்தை ஓட்டின் மீது தலைப்பக்கமாக வழுக்கி வெளியேறப் பார்க்கும். சீட்டின் பக்கத்தில் உள்ள கோடோ குமிழோ காட்டும் அளவில் நிறுத்துங்கள். கார் சீட்டே பின்னால் சரிந்திருந்து சாய்வு கிடைக்கவில்லையென்றால், இறுகச் சுருட்டிய துண்டை அடியில் வைக்கப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். கையேட்டில் அப்படி இருந்தால் மட்டும் செய்யலாம். தூக்கிப் போகும் சீட்டின் கைப்பிடி ஓட்டத்தின்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார் போடுவது

அதிகமான தவறுகள் நடப்பது இங்கேதான். சீட்டை ஒரு நாள் கவனமாகப் பொருத்துவோம். வாரை தினமும் அவசரத்தில் போடுவோம்.

வார்களை முழுதாகத் தளர்த்தி, பக்கிளைத் திறந்து ஓரமாகப் போடுங்கள். குழந்தையை உட்கார வைக்கும்போது முதுகும் பிட்டமும் சீட்டின் மூலையில் நன்றாகப் படியட்டும். பிட்டத்துக்குக் கீழே இடைவெளி இருந்தால் குழந்தை சரிந்து கூனி உட்காரும். அதன் பிறகு வார் எவ்வளவு இறுகினாலும் பயனில்லை. தோள் வார்கள் புறப்படும் துளையைக் கவனியுங்கள். பின்னோக்கிய சீட்டில் அவை தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மோதலில் குழந்தை தலைப்பக்கம் வழுக்கப் பார்க்கும்; கீழிருந்து வரும் வார் அதைப் பிடித்துவைக்கும். முன்னோக்கிய சீட்டில் நேர் எதிர்: தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. அங்கே வார் கீழிருந்து வந்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும்.

கைகளை நுழைத்து, வார் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, பக்கிளைப் பூட்டுங்கள். பிறகு இடுப்பு வாரின் தளர்வைக் கையால் மேலே இழுத்துத் தோள் வாருக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின்னரே முன்னால் இருக்கும் இழுப்பு வாரை இழுக்க வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக இழுத்தால் தோளில் இறுக்கமாகத் தெரியும். இடுப்பில் தளர்வு அப்படியே இருக்கும்.

போதுமான இறுக்கம் எது? தோள் எலும்புக்கு அருகே வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுங்கள். துணி மடிந்து விரலுக்குள் வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. விரல் வழுக்கிப் போனால் சரி. மார்புக் கிளிப் உள்ள சீட்டில் அந்தக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கினால் தோள் வார்கள் விலகி நழுவும். இடுப்பு வார் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், வயிற்றுக்குக் கீழே படிய வேண்டும்.

தடித்த உடை வாருக்கு எதிரி. பஞ்சு வைத்த கோட்டோடு குழந்தையைக் கட்டினால் இறுகியது போலவே தெரியும். மோதலில் பஞ்சு நசுங்கி வாருக்கும் உடலுக்கும் நடுவே பல சென்டிமீட்டர் இடைவெளி பிறக்கும். சந்தேகமாக இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: அந்த உடையோடு வாரை இறுக்குங்கள், வாரின் நீளத்தை மாற்றாமல் பக்கிளைக் கழற்றி, உடையை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் மறுபடி பூட்டுங்கள். எவ்வளவு தொளதொளவென்று தொங்குகிறது என்று கண்ணால் காணலாம். குளிராக இருந்தால் மெல்லிய உடைகளை அடுக்கிப் போட்டு, வார் பூட்டிய பிறகு மேலே போர்வை போர்த்துங்கள். துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே சீட்டில் வைக்கக் கூடாது. கால்களுக்கு நடுவே வரும் வார் அப்போது பயன்படாது.

சீட்டோடு வராத தலையணை, கழுத்து வளையம், வார் உறை எதையும் சேர்க்காதீர்கள். தலை பக்கவாட்டில் சாய்கிறது என்றால், இரண்டு பக்கமும் உடம்பை ஒட்டிச் சுருட்டிய மெல்லிய துணியை வைக்கலாம். தலைக்குப் பின்னாலோ முதுகுக்குக் கீழேயோ வைக்கக் கூடாது.

தூக்கமும் நீண்ட பயணமும்

குழந்தை காரில் தூங்கிவிடுவது இயல்பு. யாராவது பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். கழுத்து மடியாமல், தாடை மார்பில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துத் தட்டையாகப் படுக்கவைப்பது நல்லது. முதல் சில வாரங்களில் ஒரே மூச்சாக அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சாய்ந்த நிலையில் மூச்சும் ஆக்சிஜனும் சரியாக இருக்கின்றனவா என்று வீட்டுக்கு அனுப்பும் முன் சோதிக்க முடியும், மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தையை சீட்டிலேயே தூங்க விடாதீர்கள். காரில் சரியான சாய்வில் இருந்த சீட், தரையில் வைத்ததும் கோணம் மாறிவிடுகிறது. வாரை மட்டும் தளர்த்திவிட்டுத் தூங்க விடுவது அதைவிட ஆபத்து. குழந்தை கீழே சரிந்து கழுத்து வாரில் மாட்டிக்கொள்ளும். நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். வெயிலில் நின்ற காரில் ஏற்றும் முன் பக்கிளின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள்.

பழைய சீட், விபத்து, காலாவதி

கடந்த காலம் தெரியாத பழைய சீட்டை வாங்க வேண்டாம். மோதலில் பிளாஸ்டிக் ஓட்டில் விழும் மயிரிழை விரிசல் உறைக்கு அடியில் மறைந்திருக்கும். உறவினரோ நண்பரோ கொடுத்தால், விபத்தில் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும், கையேடும் எல்லாப் பாகங்களும் இருக்க வேண்டும், காலாவதியும் ஆகியிருக்கக் கூடாது. தயாரித்த தேதி அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான சீட்டுகளின் ஆயுள் 6 முதல் 10 ஆண்டு. வெயிலும் வெப்ப மாற்றமும் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல நொறுங்கவைக்கின்றன.

நடுத்தர அல்லது பெரிய மோதலுக்குப் பின், குழந்தை உள்ளே இல்லாவிட்டாலும் சீட்டை மாற்றிவிடுங்கள். மற்றவற்றில் கையேடு சொல்வதே முடிவு. எந்த மோதலானாலும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. எறிகிற பழைய சீட்டின் வார்களை வெட்டிவிட்டு எறிந்தால் வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள்.

துணி உறையைத் துவைக்கலாம். வார்களை வாஷிங் மெஷினில் போடவோ, நீரில் ஊறவைக்கவோ, கடும் சோப்பு, பிளீச் போடவோ கூடாது. இழையின் வலு போய்விடும். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பக்கிளுக்குள் உணவுத் துகள் சேர்ந்து கிளிக் சத்தம் மந்தமானால் கையேடு சொல்லும் முறையில் கழுவுங்கள். எண்ணெய் விடாதீர்கள்.

பின்னோக்கிய சிறிய சீட் போதாமல் போவதற்கு அடையாளங்கள் உண்டு. எடை வரம்பு தாண்டுவது ஒன்று. குழந்தையின் உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ.கூட இல்லாமல் போவது இன்னொன்று. ஆர்129 சீட்டானால் ஒட்டில் எழுதியிருக்கும் உயரத்தை எட்டினால் போதும். இவற்றில் எது முதலில் நடந்தாலும், அடுத்து வாங்க வேண்டியது பெரிய பின்னோக்கிய சீட். முன்னோக்கிய சீட்டுக்குப் போவது அதன் வரம்பும் தீர்ந்த பிறகு. அப்போது, சீட்டின் மேல்பகுதியை காரோடு கட்டும் மேல் வார் உள்ள சீட்டானால் அந்த வாரை காரின் கொக்கியில் மாட்டி இறுக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் ஓடினால் மோதலில் குழந்தையின் தலை கூடுதலாக 10 செ.மீ. அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும், முன்னால் போய்விடும்.